வெப்ப மருந்துச் சிகிச்சையும் நமது உதவி நிதியும்: சங்கத்தின் நிலைப்பாடு

கல்லீரலில் தோன்றி வயிற்றின் உட்சவ்வெங்கும் பரவிவிட்ட புற்றை அறுத்தகற்றி, 41 முதல் 43 டிகிரி வரை சூடேற்றிய மருந்தை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வயிற்றறைக்குள் சுற்றவிடும் ‘ஹைபெக்’ சிகிச்சைக்குச் சங்கத்தின் உதவி நிதியிலிருந்து பணம் வழங்கலாமா என்னும் பிரச்சினை சென்ற கூட்டங்களில் பட்ட பாட்டை அங்கத்தினர்கள் அறிவராதலின், செயற்குழு பெரும்பான்மையாக ஏற்ற முடிவை மட்டும் இங்கு வெளியிடுகிறோம். தற்போதைக்கு வழங்குவதற்கில்லை; எனினும், சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியைச் சாராத புற்றுநோய் நிபுணர் ஒருவர் எழுத்து மூலம் சிபாரிசு செய்யுமிடத்து மறுபரிசீலனைக்குத் தடையில்லை.

இச்சிகிச்சை வீண் என்பது எமது அபிப்பிராயமன்று. சூலகப் புற்றில் நெதர்லாந்து நிபுணர்கள் முன்னின்று நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறுவையோடு வெப்ப மருந்தும் பெற்றோரில் பாதிப் பேரேனும் உயிர்வாழ்ந்த காலம் சுமார் 34 மாதத்திலிருந்து 46 மாதமாக நீண்டது. பெருங்குடற் புற்றில் பிரெஞ்சுக்காரர் 2021-இல் வெளியிட்ட முடிவிலோ, வெப்ப மருந்து பெற்றவர், பெறாதவர் ஆகிய இரு சாராரும் 41 மாதத்தையொட்டியே நின்றனர். கல்லீரலிலேயே பிறந்த புற்றுக்கு அத்தகைய பெரும் ஒப்பீட்டுச் சோதனை இல்லை. உள்ளவை பொறுக்கியெடுத்த சிலரைப் பற்றிய சிறு தொகுப்புகளே. ஏற்கெனவே சுருங்கிக் கெட்டுப்போன கல்லீரல், பல மணி நேர அறுவையைத் தாங்குமா என்பதும் யோசிக்கத்தக்கது.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, குழுவினரின் நெஞ்சை அறுப்பது வேறொன்று. நோயாளியிடம் ‘வயிற்றில் கட்டி’ என்று சொல்லிவிட்டு, இரவு பத்து மணிக்கு வராந்தாவில் மைத்துனனை நிறுத்தி, ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் கையெழுத்து வாங்குவது சம்மதமாகுமா? மறைக்கச் சொல்வது நம் வீட்டாரின் பாசம்தான், மறுக்கவில்லை. அந்தப் பாசத்தையே முதலாக வைத்து வியாபாரம் நடத்துவதை மன்னிப்பதற்கில்லை! மோட்டார் பம்ப் வாங்குகிறவனும் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டுத்தான் வாங்குகிறான். வயலைக் கிரயம் செய்து, தாலிச்சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவள், இதே நோய்க்கு எத்தனை பேருக்குச் செய்தீர்கள், ஒரு மாதத்துக்குள் எத்தனை பேர் இறந்தார்கள், மொத்தச் செலவு என்ன என்று கேட்டால் மட்டும் முகம் சுளிப்பானேன்? இம்மூன்றுக்கும் தமிழில் எழுத்து மூலம் பதில் தராத இடத்துக்கு, எவர் சிபாரிசு செய்யினும், நிதி செல்லாது.

கல்லீரற் புற்று வராமல் தடுக்க, பிறந்த குழந்தைக்கு மஞ்சள்காமாலை ‘பி’ தடுப்பூசி தவறலாகாது. கடன் வாங்குமுன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் விசாரிக்க வேண்டும். வலி தணிக்கும் மருத்துவத்தைக் கைவிடலாக நினைக்கலாகாது.

இரண்டாவது அபிப்பிராயம் கேட்கத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ செல்லும் நம் ஊரான சுந்தரபாண்டியபுரத்து நோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் பயணச் செலவை நிதி ஏற்கும். இதற்குப் போதிய பணமில்லை என்று இரு அங்கத்தினர்கள் தெரிவித்த ஆட்சேபம் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது.