மூடின பெட்டியும் முழு செட்டும்: ஒரு பி.காம் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு பொம்மையைப் பத்தி என்ன பேச்சுன்னு கேக்காதீங்க மக்களே. இது பொம்மை மேட்டர் இல்லை, வியாபார மேட்டர். காசை முதல்ல வாங்கிக்கிட்டு, என்ன சரக்கு தர்றோம்னு சொல்லாமலே விக்கிற ஒரு வியாபாரம். அதுக்கு வாங்குறவங்களே கொடி பிடிக்கிறாங்க பாருங்க, அதான் தாங்கலை.

தெரியாதவங்களுக்கு சின்ன அறிமுகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி மேஜை விளையாட்டுகள்ல வீரன், பூதம், டிராகன் எல்லாத்துக்கும் விரல் உயரத்துல குட்டி பொம்மை உண்டு. மினியேச்சர்னு பேர். முன்னாடி இதை நீங்களே வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடிக்கணும். 2000-ல விஸ்கிட்ஸ் கம்பெனி 'மேஜ் நைட்'னு ஒரு விளையாட்டு கொண்டு வந்தாங்க. பெயிண்ட் அடிச்ச பிளாஸ்டிக் பொம்மை, ஆனா மூடின பெட்டி. உள்ள என்ன இருக்குன்னு உடைச்சாத்தான் தெரியும். 2002-ல அவங்களே 'ஹீரோகிளிக்ஸ்' விட்டாங்க. 2003-ல விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் இதே பாணியில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பொம்மைகளை இறக்கினாங்க. பெட்டிக்கு 8 பொம்மை, பெரும்பாலும் சாதா, அதுல ஒண்ணு 'ரேர்'. 1993-லயே மேஜிக் சீட்டுகளை மூடின பாக்கெட்ல வித்துப் பழகின கை அது.

எதிர்த்தரப்பு சொல்றதை முதல்ல நேர்மையா சொல்லிடறேன்.

ஒண்ணு, அச்சு செலவு. ஒவ்வொரு பொம்மைக்கும் தனி அச்சு வேணும். யாரும் அதிகம் கேக்காத ஒரு பூதத்துக்கு அச்சு போட்டா தனியா வித்து அந்தக் காசை எடுக்க முடியாது. கலந்து வித்தாத்தான் அதெல்லாம் பிறக்கவே பிறக்கும்.

ரெண்டு, கடைக்காரர் பிரச்சினை. 60 வகை பொம்மையை 60 கொக்கியில தொங்கவிட்டா நல்லது ரெண்டு நாள்ல போயிடும், மிச்சம் தூசி பிடிக்கும். ஒரே வகைப் பெட்டின்னா அந்தத் தலைவலி இல்லை.

மூணு, பிரிக்கிற சுகம். உள்ள என்னன்னு பாக்குற அந்த நிமிஷம், நண்பர்களோட பண்டமாற்று. இதை நான் கேலி பண்ணலை. சுகம் உண்மைதான்.

இப்ப நம்ம கணக்குக்கு வருவோம். ஒரு செட்ல 20 ரேர், பெட்டிக்கு ஒரு ரேர், எல்லாத்துக்கும் சம வாய்ப்புன்னு வச்சுக்குங்க. இருபதையும் சேர்க்க சராசரியா எத்தனை பெட்டி வேணும்? 20-ன்னு நினைச்சா நீங்க ரொம்ப நல்லவங்க :-) விடை 72. முதல் 10 ரேர் கிடைக்க 13 பெட்டியே போதும். கடைசி ஒண்ணுக்கு மட்டும் சராசரியா 20 பெட்டி. கடைசி மூணுக்கு சேர்த்து 37 பெட்டி, அதாவது மொத்த செலவுல பாதிக்கு மேல! பெட்டி 10 டாலர்னு வச்சாலும் 720 டாலர், வீட்ல 576 பொம்மை. சேர்க்கிற ஆசை முத்தினவன்கிட்டதான் அதிகமா கறக்குது இந்த முறை. அதிர்ஷ்டம்னு பேர் வச்சிருக்காங்க, ஆனா கம்பெனி பக்கம் அதிர்ஷ்டமே கிடையாது, அங்க எல்லாம் திட்டம்.

சேர்க்கிறவனை விடுங்க, விளையாடறவன் கதை என்ன? ஆட்டத்தை நடத்துறவருக்கு இன்னிக்கு ராத்திரி ஆறு கோப்ளின் வேணும். பெட்டியை உடைச்சா ரெண்டு எலும்புக்கூடு, ஒரு ஓநாய், யாருன்னே தெரியாத ஒரு மந்திரவாதி. தக்காளி கேட்டவனுக்குப் பையில எது கைக்கு வருதோ அதைப் போட்டு, 'சஸ்பென்ஸ் எப்படி?'ன்னு கேக்கிற காய்கறிக்கடையை நாம ஏத்துக்குவோமா?

சரி, கடைக்காரரோட தேங்கின சரக்கு பிரச்சினை தீர்ந்துச்சா? இல்லீங்க. சரக்கு காணாமப் போகலை, கடை அலமாரியில இருந்து உங்க வீட்டு அலமாரிக்கு இடம் மாறிச்சு, அவ்வளவுதான். நம்ம பாஷையில சொன்னா, விக்காத சரக்கோட ரிஸ்க்கை வாங்குறவன் தலையில கட்டியாச்சு. ரிஸ்க் எடுக்கிறவனுக்கு தள்ளுபடி தரணும்னுதானே படிக்கிறோம்? 'சராசரி விலை குறைவு'ன்னு பதில் வரும். வேண்டாத பொம்மையையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. இன்னொண்ணு, பெட்டியை மொத்தமா வாங்கி உடைச்சு, தனித்தனியா விலை போட்டு விக்கிற கடைகள் இருக்கு. தனியா விக்கவே முடியாதுன்னா அவங்க எப்படி விக்கிறாங்களாம்?

'திறந்து வித்தும் பாத்தாங்க, ஓடலையே'ன்னு ஒரு வாதம் உண்டு. 2009-ல விசார்ட்ஸ் வீரர் பொம்மைகளை வெளியில தெரியிற மாதிரி வித்தாங்க. 2011-ல அந்த பெயிண்ட் பொம்மை வரிசையையே நிறுத்தறதா அறிவிச்சாங்க. ஆனா அப்பவும் பூதங்களை முழுசாத் திறக்கலை, ஒரு பொம்மை மட்டும் தெரியும், மிச்சம் மூடினதுதான். பாதி திறந்த கதவை வச்சு கதவே தப்புன்னு தீர்ப்பு சொல்லக்கூடாது. 2012-ல வந்த ஸ்டார் வார்ஸ் 'எக்ஸ்-விங்' பெயிண்ட் அடிச்ச விமானங்களை, எது உள்ள இருக்குன்னு காட்டியே பல வருஷம் சக்கைப்போடு போட்டுச்சே! 2014-ல டன்ஜன்ஸ் பொம்மையை மறுபடி மூடின பெட்டியில விட்ட அதே விஸ்கிட்ஸ், 2017-ல பெயிண்ட் இல்லாத பொம்மைகளை கண்ணுக்குத் தெரியிற பாக்கெட்ல விக்க ஆரம்பிச்சாங்க. முடியும். மனசுதான் வேணும்.

இது சூதாட்டமா? சட்டப்படி கேட்டா சிக்கல். சேகரிப்பு சீட்டு பாக்கெட்டுகள் மேல போட்ட வழக்குல, 2002-ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒண்ணு 'வாய்ப்புக்குக் காசு கொடுத்தீங்க, வாய்ப்பு கிடைச்சுது, நஷ்டம் எங்கே?'ங்கிற தொனியில தள்ளிடுச்சு. ஆனா உலகம் அங்கேயே நிக்கலை. ஜப்பான்ல 2012-ல, மொபைல் கேம்ல குலுக்கல்ல முழு செட் சேர்த்தா பரிசுங்கிற 'கம்ப்ளீட் காச்சா' முறை சட்டவிரோதம்னு சொன்னாங்க. சீனாவுல 2023-ல 8 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு மூடின பெட்டி விக்கக் கூடாதுன்னு விதி போட்டாங்க. முழு செட் ஆசையும் பிள்ளைகளும்தான் இதுல பலவீனமான இடம்னு அரசாங்கங்களுக்கே புரிஞ்சிருக்கு.

தடை போடுங்கன்னு நான் சொல்லலை. மூணே மூணு கேக்கிறேன். ஒவ்வொரு ரேரும் கிடைக்க எத்தனை பெட்டிக்கு ஒரு தடவை வாய்ப்புன்னு பெட்டி மேலயே அச்சடிங்க. அதே பொம்மையை, விலை கூடினாலும் பரவாயில்லை, தனியாவும் விலைப்பட்டியல் போட்டு வில்லுங்க. ஆட்டத்துக்கு அவசியமான எதையும் ரேர் ஆக்காதீங்க. பிரிக்கிற சுகம் வேணும்கிறவன் அப்பவும் பெட்டி வாங்கட்டும், நல்லா இருக்கட்டும்.

இந்த மூணையும் செஞ்சா பெட்டி விக்காதுன்னு கம்பெனி பயப்படுதுன்னா, இத்தனை நாள் வித்தது பொம்மையா வேற ஒண்ணான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. எதிர்க்கட்சி நண்பர்கள் பின்னூட்டத்துல வரலாம். வரும்போது கால்குலேட்டரோட வாங்க!