கடல் கடந்த கல்வி

மதுரையை அடுத்த விளாங்குடி போன்ற ஊர்களிலிருந்தும் இன்று மாணவர் கடல் கடந்து கற்கச் செல்கின்றனர். ஊறுகாயும் பொடியும் மறவாது கட்டிக் கொடுக்கும் பெற்றோர், அறியாததைக் கூசாது கேட்குமாறு சொல்லி அனுப்புதல் அரிது.

கணித மேதை இராமானுசன் 1914-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சு திரினிட்டி கல்லூரியில் தங்கினார். புலால் உண்ணாத அவர் தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். குளிர்காலம் வந்தது. மேலங்கி அணிந்து சால்வை போர்த்திப் படுத்தும் குளிர் அவரை விடவில்லை. அங்குப் பயின்ற வங்க மாணவர் மகலனோபிசு என்பார் இதனைக் கேட்டறிந்து, படுக்கையறையுட் சென்று நோக்கினார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன! அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பெற்று, மேலே விரிப்பால் மூடப்பெற்றிருந்தன. அவற்றை விலக்கி உட்புகுந்து படுத்தல் வேண்டும் என்பதை இராமானுசன் அறிந்திலர். எண்களின் மறைபொருள் கண்டவர் கம்பளிகளின்மேல் நடுங்கிக் கிடந்தார்.

இஃது அறிவின் குறையன்று. அவ்வூரார்க்கு அது சொல்லத் தோன்றாத சிறு செய்தி. வந்தவர்க்கோ கேட்கத் தோன்றாத செய்தி. மகலனோபிசும் அயல்நாட்டிலிருந்து சென்றவரே. ஆதலின் அவர்க்கு அது விளங்கிற்று.

பின்னர்ப் போரினால் காய்கறியும் அரிதாயிற்று. 1917-இல் நோயுற்ற இராமானுசன், 1919-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

அயலாரைச் சேர்க்கும் கல்லூரிகள் விதிநூலைக் கையிற் கொடுத்தமைதல் போதாது. தமிழகக் கல்லூரிகளுக்கு வரும் வேற்றுநாட்டு மாணவரிடமும், மிளகாயின் காரம் தாங்குகின்றதா, கொசுவலை கட்டத் தெரியுமா என்று அவர்தம் அறைக்கே சென்று கேட்க, முன்னரே வந்து பழகிய மாணவர் ஒருவரை அமர்த்துதல் வேண்டும்.