வேட்டி கட்டிய முதியவரை வாசலில் தடுத்ததற்கு வன்மையான கண்டனம்

பெங்களூரு, 20.7.2024

பெங்களூரு மாகடி ரோட்டில் உள்ள ஜி.டி. வேர்ல்ட் மாலுக்கு இம்மாதம் 16ஆம் தேதி ஹாவேரி மாவட்டத்து முதிய விவசாயி ஒருவர் தம் மகனுடன் சினிமா பார்க்க வந்தார். கையில் டிக்கெட் இருந்தது. உடுத்தியிருந்தது வெள்ளைச் சட்டை, வேட்டி. வேட்டியோடு உள்ளே விட முடியாது, பேன்ட் போட்டு வாருங்கள், இது நிர்வாகத்தின் விதி என்று சொல்லி வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அத்தனை தூரத்திலிருந்து வந்தவர் எங்கே போய் உடை மாற்றுவார் என்று மகன் கேட்டுப் பார்த்தும் விடவில்லை. இந்தச் செயலை எங்கள் மூத்த குடிமக்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

மறுநாள் விவசாயிகளும் கன்னட அமைப்பினரும் திரண்டு போராடினார்கள். மால் நிர்வாகம் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு மரியாதை செய்தது. 18ஆம் தேதி சட்டசபையில், அந்த வணிக வளாகத்தை ஏழு நாள் மூட உத்தரவிடுவதாக அரசு அறிவித்தது. அந்த நடவடிக்கையை வரவேற்கிறோம். ஆனால் கடந்த பிப்ரவரியில்தான் ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்தில், தலையில் மூட்டையோடு வந்த விவசாயியைத் துணி அழுக்கு என்று சொல்லித் தடுத்தார்கள். உடன் வந்த பயணிகள் தட்டிக்கேட்டார்கள். பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவர் வேலையிழந்தார். ஐந்தே மாதத்தில் அதே நகரத்தில் இன்னொரு வாசல். இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் போனில் படம் பிடித்ததால் நாடு பார்த்தது. படம் பிடிக்க ஆளில்லாத வாசல்களில் நடப்பதை எங்கள் உறுப்பினர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் வந்து சொல்கிறார்கள்.

இதைக் கலாச்சாரத்துக்கு நேர்ந்த அவமதிப்பு என்று பலரும் பேசுகிறார்கள். உண்மைதான். இந்த மாநில முதல்வரே வேட்டி கட்டுகிறவர். தொண்ணூறு வயதைத் தாண்டிய முன்னாள் பிரதமர் தேவேகவுடாவும் அப்படித்தான். அவர்களை எந்த மாலும் தடுக்காது. நாங்கள் கேட்பது வேறு. கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் கட்டாமல், இன்றைக்கும் நாள்தோறும் வேட்டி கட்டுகிறவர்கள் யார்? பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அப்படியிருக்க, வேட்டிக்குத் தடை என்று ஒரு விதி போட்டால் அது யார் மேல் விழும்? வயதைக் காரணம் காட்டாமலே வயதானவர்களை வெளியே நிறுத்தும் விதி அது. ஏழை முதியவர் என்றால் இரண்டு மடங்கு அடி.

மாகடி ரோட்டை அடுத்துத்தான் பின்னி மில் இருந்தது. எங்கள் உறுப்பினர்கள் சிலரின் அப்பாக்கள் அங்கே தறியில் நின்றவர்கள். இந்த ஊருக்குத் துணி நெய்து கொடுத்தவர்களின் பிள்ளைகள், இப்போது தாங்களும் முதியவர்களாகி, அதே வட்டாரத்தில் இடுப்பில் கட்டிய துணிக்காக வெளியே நிற்க நேரிடும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

வாசலில் நிற்கும் காவலரை மட்டும் வேலையை விட்டு நீக்கிக் கணக்கை முடிப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. அவரும் சொற்பச் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மனிதர். அவருடைய அப்பாவும் ஊரில் வேட்டிதான் கட்டியிருப்பார். விதியை வகுத்தவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள், பொறுப்பு அவர்களுடையது.

அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் பொழுதுபோக்கு இடங்களிலும் சமயம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகள் கைவிட்டால் கேட்கும். கடை வாசலில் கைவிடப்பட்டால் கேட்க அதில் வழியில்லை. மத்திய அரசின் மனநிலையும் அந்த வாசலிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அறுபது வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமுமாக இருந்த ரயில் கட்டணச் சலுகையை, கொரோனாவைக் காட்டி 2020 மார்ச் 20 அன்று நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது. சலுகை திரும்பவில்லை. சேலத்துக்கோ வேலூருக்கோ ஒரு சாவுக்குப் போய்வரக்கூட முழுக் கட்டணம் கொடுக்கிறோம்.

வாசலில் தடுப்பதை நிறுத்த வழி இல்லாமல் இல்லை. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டிக்காகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமம் ரத்து. நீதிபதிக்கு நேர்ந்ததும் சட்டம் பிறந்தது போல, விவசாயிக்கு நேர்ந்தபோதும் பிறக்க வேண்டும். ஏழு நாள் பூட்டு எட்டாம் நாள் திறந்துவிடும்.

ஆகவே கர்நாடக அரசு அதைப் போன்ற சட்டத்தை உடனே கொண்டுவர வேண்டும்; அதில் உடையோடு வயதையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். மால்களுக்கும் திரையரங்குகளுக்கும் உரிமம் புதுப்பிக்கும்போது நுழைவு விதிகளை எழுத்தில் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். ரயில்வே அமைச்சகம் பறித்த சலுகையைத் திருப்பித் தர வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் இந்நகரின் மூத்தவர்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். வழக்கம்போல் வேட்டியிலேயே போங்கள். தடுத்தால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். விதியை எழுதித் தரச் சொல்லி அங்கேயே நில்லுங்கள். பெங்களூரு முதியோர் உதவி எண் 1090, தேசிய எண் 14567. எங்களுக்கும் சொல்லுங்கள், உடனே வருவோம்.

செயற்குழு சார்பில்,
தலைவர், செயலாளர்