சிறிய பெட்டியும் சிக்கன அறிவும்

இப்பகுதிக்கு அன்பர்கள் விடுக்கும் வினாக்கள் பெரும்பாலும் வாங்குவதைப் பற்றியனவாகவே இருக்கும். எந்தக் கணிப்பொறி நல்லது, எந்தக் கைப்பேசி உழைக்கும், எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பனவே அவை. இத்திங்கள் வந்துள்ள மடல் ஒன்று அவற்றினின்றும் வேறுபட்டது. அதனை எழுதிய அம்மையார் கேட்பது இதுதான்: “எங்கள் வீட்டுக் கணிப்பொறி பத்தாண்டு பழையது. வங்கி வேலைக்கோ பிள்ளையின் பாடத்திற்கோ திறந்தால் அசைய மறுக்கின்றது. கழித்துவிட்டுப் புதியது வாங்குங்கள் என்கின்றார் கடைக்காரர். ஆனால் என் மகன் அதே பொறியில் பழைய காலத்து வீடியோ ஆட்டங்களை ஆடுகின்றான். அவை மான்போல் துள்ளி ஓடுகின்றன. பொறி கெட்டுவிட்டது என்றால் ஆட்டம் மட்டும் எவ்வாறு ஓடும்?”

மிக நல்ல வினா. நிரல் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட நம் போன்றோர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் ஆகும். விடையைச் சுருங்கச் சொல்வதாயின், பொறி கெடவில்லை. அதன்மேல் ஏற்றப்படும் சுமைதான் பெருகிவிட்டது. அச்சுமையை ஏற்றியவர் யார்? அதற்கு விலை கொடுப்பவர் யார்? இவற்றைத் தெளிவதற்கு அச்சிறுவன் ஆடும் பழைய ஆட்டங்களையே சான்றாகக் கொள்வோம்.

1977-இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் பெட்டி ஒன்றை வெளியிட்டது. அதன் நினைவகம் 128 பைட். இஃது எத்துணைச் சிறிது என்பதைத் தமிழைக் கொண்டே அளந்து பார்க்கலாம். இன்று இணையத்தில் வழங்கும் முறைப்படி ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் வேண்டும். ஆகவே அப்பெட்டியின் நினைவகம் முழுவதிலும் நாற்பத்திரண்டு குறிகளுக்கு மேல் அடங்கா. இப்பத்தியின் முதல் வாக்கியத்தைக்கூட அதில் வைக்க இயலாது. அவ்விடத்திற்குள்தான் ஆடுபவரின் புள்ளிகள், எதிரியின் இடம், பாய்ந்து செல்லும் குண்டின் திசை ஆகிய யாவும் அடங்கவேண்டும்.

அன்றியும், படத்தைத் தேக்கி வைப்பதற்கென்று அப்பெட்டியில் தனி நினைவகமே கிடையாது. தொலைக்காட்சித் திரையில் ஒளிக்கற்றை இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, எவ்விடத்தில் எந்நிறம் தோன்றவேண்டும் என்பதை நிரல் சொல்லிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு கோட்டிற்குக் கிடைத்த கால அளவு, கணக்கிடும் சில்லின் 76 துடிப்புகள் மட்டுமே. அதற்குள் சொல்லி முடிக்காவிடில் படம் குலைந்துவிடும். அத்தகைய நெருக்கடியில் எழுதப்பட்ட ஆட்டங்களைத்தான் கோடிக்கணக்கானோர் ஆடி மகிழ்ந்தனர்.

1978-இல் ஜப்பானியர் தொமொஹிரோ நிஷிகாடோ இயற்றிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வானிலிருந்து ஐம்பத்தைந்து எதிரிகள் அணிவகுத்து இறங்குவர். அத்தனை பேரையும் வரைவதற்குள் சில்லுக்கு மூச்சு முட்டும். ஆதலால் அணி மெல்ல நகரும். ஆடுபவர் சுட்டுக் குறைக்கக் குறைக்க, வரைய வேண்டிய வேலையும் குறையும். எஞ்சியோர் விரைந்து பாய்வர். பொறியின் இயலாமையால் நேர்ந்த இந்நிகழ்ச்சியை ஆசிரியர் திருத்தவில்லை. ஆட்டத்திற்கு அதுவே உயிரூட்டுவதை அறிந்து அவ்வாறே விட்டுவைத்தார். குறையையும் குணமாக்கிக் கொள்ளும் அறிவு என்பது இதுவன்றோ?

1985-இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தை அறியாத இல்லம் அரிது. நம் நாட்டிலும் 1990-களில் அப்பெட்டியின் நகல்கள் கடைவீதி எங்கும் விற்றன. ஓர் அட்டையில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டு, ஒரே ஆட்டத்தைப் பல எண்களில் திரும்பத் திரும்ப வைத்திருப்பர். அம்மாரியோ ஆட்டம் முழுவதற்கும் ஆன இடம் 40 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அதைப்போல் பல பத்து மடங்கு இடத்தைக் கொள்கின்றது. எவ்வாறு அடக்கினர்? வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் அவ்வாட்டத்தில் ஒரே உருவந்தான். வெண்மை தீட்டினால் மேகம். பச்சை தீட்டினால் புதர். ஒரே வேட்டியை ஒரு நாள் உடையாகவும் மறுநாள் தூளியாகவும் பயன்படுத்திய இல்லங்களில் வளர்ந்த நமக்கு இவ்வித்தை புதியதன்று.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், டேவிட் பிரேபன், இயான் பெல் என்போர், 1984-இல் ‘எலைட்’ என்னும் விண்வெளி வாணிக ஆட்டத்தை எழுதினர். அவர்கள் எழுதிய பி.பி.சி. மைக்ரோ பொறியின் நினைவகம் 32 கிலோபைட். ஆட்டத்திலோ எட்டு அண்டங்கள். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அவ்வுலகங்களின் பெயரையோ விலைவாசியையோ அவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. சில விதை எண்களும் அவற்றைப் பெருக்கும் விதியும் மட்டுமே பொறியில் இருந்தன. வேண்டும்போது உலகம் விளையும். கோலமிடும் நம் பெண்டிர் நூறு கோலங்களைத் தாளில் தீட்டி வைத்துக்கொள்வதில்லை. புள்ளிக் கணக்கையும் இழையின் போக்கையும் மனத்தில் கொண்டு வாசலில் விரிக்கின்றனர். அதுவும் இதுவும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

1989-இல் வந்த ‘கேம் பாய்’ கைப்பெட்டியையும் இங்கே நினைத்தல் தகும். அதனை வகுத்த குன்பெய் யொகொய், புத்தம்புதிய விலையுயர்ந்த பொருளைத் தேடாமல், நன்கு பழகி மலிந்துபோன பொருளைப் புதுவழியில் பயன்படுத்துவதே சிறந்தது என்னும் கொள்கையினர். ஆகவே வண்ணமில்லாத் திரையையே வைத்தார். நான்கு சிறு பாட்டரிகளில் அது பல மணிநேரம் இயங்கிற்று. அதே ஆண்டில் வந்த அட்டாரியின் வண்ணத் திரைப் பெட்டி ஆறு பாட்டரிகளைச் சில மணிநேரத்தில் தின்று தீர்த்தது. மக்கள் எதை விரும்பினர்? கேம் பாயும் அதன் பிற்கால வண்ண வடிவமும் சேர்ந்து பதினொரு கோடிக்கும் மேல் விற்றன.

இவ்வளவு சொன்னதால் பழையன எல்லாம் பொன் என்று நாம் வாதிப்பதாக அன்பர்கள் எண்ணவேண்டா. 1980-இல் வந்த ‘பேக்-மேன்’ ஆட்டத்தில் கட்ட எண்ணை வைக்க ஒரே ஒரு பைட் ஒதுக்கினர். ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண்ண இயலாது. ஆகவே 256-ஆம் கட்டத்தை எட்டியவருக்குத் திரையின் பாதி சிதைந்து தோன்றும். மேலும், அப்பொறிகளில் தமிழில் ஒரு வரி எழுதுவதற்கும் வழியில்லை. இன்று வீட்டுக் கணிப்பொறி தமிழைக் காட்டுகின்றது. ஊரிலிருக்கும் பாட்டியின் முகத்தைக் காட்டுகின்றது. வங்கிக் கணக்கைத் திருடர் கண்ணிற் படாமல் மறைத்து அனுப்புகின்றது. இவற்றிற்கெல்லாம் இடமும் ஆற்றலும் வேண்டும். அச்சுமை நியாயமான சுமை.

நியாயமற்ற சுமையும் உண்டு. 1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95 இயங்குவதற்குக் குறைந்த அளவாக 4 மெகாபைட் நினைவகம் கேட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவு 4 கிகாபைட். ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! கடிதம் எழுதுவதும் கணக்குப் போடுவதும் ஆயிரம் மடங்கு விரைந்தனவா? இல்லை என்பதை யாவரும் அறிவோம். ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கணிப்பொறி அறிஞர் நிக்லாஸ் விர்த், பொறிகள் விரைவு பெறுவதைக் காட்டிலும் மென்பொருள்கள் மந்தமாவதே மிகுதி என்று 1995-லேயே எச்சரித்தார். அவர் கருத்து இன்றும் பொருந்துகின்றது.

இதற்குக் காரணம் நம் தொழிலிலேயே இருக்கின்றது. குறிப்பெழுதும் சிறு செயலி ஒன்றைச் செய்வதற்கும் முழு இணைய உலாவி ஒன்றையே அதனுள் வைத்துக் கட்டி அனுப்பும் வழக்கம் பரவியுள்ளது. செய்பவருக்கு வேலை எளிது. வாங்குபவரின் பொறிக்குப் பாரம். விளம்பரத்திற்காகவும் வேவு பார்ப்பதற்காகவும் சேர்க்கும் பகுதிகள் வேறு. நிரல் எழுதுவோரின் மேசைமேல் இருப்பது விலையுயர்ந்த புதுப்பொறி; அதில் எந்தச் சுமையும் உறைப்பதில்லை. அவர் மிச்சப்படுத்திய ஒரு வார உழைப்பிற்கு, எங்கோ இருக்கும் குடும்பம் புதுப்பொறி வாங்கி விலை கொடுக்கின்றது. ஊருக்கு அனுப்பும் பணம், வாடகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை எண்ணி எண்ணிச் செலவிடும் நம்மவர்க்கு இது சிறு செய்தியன்று.

இனி அம்மையாரின் வினாவிற்கு நடைமுறை விடை கூறுவோம். அவர்தம் பொறியில் இருப்பது விண்டோஸ் 10 ஆயின், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ 2017-க்கு முற்பட்ட சில்லுகளுள் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. கடைக்காரர் கழிக்கச் சொல்வதற்கு இதுவும் காரணமாகலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத அமைப்பில் வங்கி வேலை செய்வது தகாது. இதில் கடைக்காரர் சொல் சரியே. ஆனால் மாற்றவேண்டியது அமைப்பைத்தானே அன்றிப் பொறியை அன்று.

முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்க. பொறியினுள் சுழலும் பழைய வட்டு இருப்பின், அதனை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என வழங்கும் சுழலா வட்டினைப் பொருத்தச் சொல்க. புதுப்பொறி விலையில் அது சிறு பங்கே ஆகும், மாற்றமோ கண்கூடு. பின்னர் லினக்ஸ் அமைப்புகளுள் இலேசான ஒன்றை ஏற்றுக. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அதற்கு விலை இல்லை, திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன, தமிழும் எழுதலாம். அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கற்பது லினக்ஸ் அமைப்பிலேதான். ஆதலின் அஞ்சவேண்டுவதில்லை. மகன் ஆடும் பழைய ஆட்டங்களும் பெரும்பாலும் அதில் ஓடும். இவ்வளவும் செய்து பார்த்தபின் பொறி உண்மையிலேயே உயிரற்றது என்று தெரிந்தால், அதனைக் குப்பையில் எறியாமல், மின்கழிவு பெறுவதற்கு அரசு ஒப்புதல் பெற்ற இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.

பிள்ளைகள் பழைய ஆட்டம் ஆடுவதைப் பெற்றோர் முழுதும் தடுக்கவேண்டா என்பதும் நம் கருத்து. நேரத்திற்கு எல்லை வகுத்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்து, “இவ்வளவு சிறிய இடத்தில் இதை எப்படி அடக்கினார்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். மேகமும் புதரும் ஒன்று என்பதைத் தானே கண்டுபிடிக்கும் குழந்தை, அன்றே நிரல் எழுதும் கலையின் முதற்பாடத்தைக் கற்றுவிடுகின்றது.

அப்பாடத்தை நினைவிற் கொள்ள வேண்டியோர் வேறு சிலரும் உளர். பெங்களூரிலும் புணேயிலும் ஐதராபாத்திலும் நிரல் எழுதும் இளைஞர் பலர் நம் சங்கக் குடும்பங்களிலிருந்தே சென்றவர்கள். அவர்களுடைய பெற்றோர் ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமாக ரயிலேறி இந்நகரங்களுக்கு வந்து, ஒற்றை அறையில் ஒரு குடும்பத்தையே அடக்கி வாழ்ந்தவர்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்னும் அறிவு அவர்கள் ஈட்டித் தந்த சொத்து. அச்சொத்தைத் தொழிலிலும் செலவிடுமாறு அவ்விளைஞரை வேண்டுகின்றோம். நீங்கள் எழுதிய செயலியை ஊருக்கு அனுப்பும் முன், அலுவலகத்துப் புதுப்பொறியில் மட்டும் பார்த்து நிறைவு கொள்ளாதீர்கள். உங்கள் தாயார் நான்கைந்து ஆண்டுகளாக வைத்திருக்கும் கைப்பேசியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் அது தயங்காமல் ஓடினால், நாட்டில் எங்கும் ஓடும்.