கருப்பட்டியும் காணொலியும்

பணி ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த ஆசிரியர்கள் கைப்பேசித் திரையில் வருபவர்கள். அவர்களுள் ஒருவர், வெள்ளைச் சர்க்கரைதான் நஞ்சு, கருப்பட்டி நீரிழிவாளருக்கும் தீங்கு செய்யாது என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுடன் வாழும் நான் அதை நம்பினேன். சர்க்கரையின்றி நாளுக்கு இருவேளை காபி அருந்தியவன், கருப்பட்டி சேர்த்து நான்கு வேளை அருந்தலானேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். கருப்பட்டியில் சில தாதுக்கள் இருப்பது உண்மை. அதன் பெரும்பகுதி சுக்ரோஸ் என்பதும் உண்மை. காணொலி முதல் உண்மையோடு நின்றுவிட்டது. அதன் கீழிருந்த இணைப்பு அவருடைய கருப்பட்டி விற்பனைப் பக்கத்துக்குச் சென்றதைப் பிறகுதான் கவனித்தேன்.

இதை வெட்கத்துடனேயே எழுதுகிறேன். வாங்குபவரைவிட விற்பவர் அதிகம் அறிந்திருக்கும் சந்தை எவ்வாறு சீரழியும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். 1973-இல் டார்பி, கார்னி என்னும் இரு பொருளியலாளர்கள் ஒருபடி மேலே சென்று, பயன்படுத்திய பின்னரும் தரம் தெரியாத பண்டங்களைத் தனிவகையாகப் பிரித்தனர். மாம்பழம் புளிக்கிறதா என்பது தின்றவுடன் தெரிந்துவிடும். உணவு ஆலோசனை அப்படியன்று. தவறான ஆலோசனையின் விளைவு தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். அப்போது எது காரணம் என்று சுட்டவும் இயலாது. சொன்னவருக்கோ வருவாய் உடனே வந்துவிடுகிறது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. 'மாத்திரையே வேண்டாம்' என்னும் ஒரு சொல்லுக்கு எத்தனை செவிகள் காத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நலம் பற்றி விளம்பர நோக்கில் பேசும் வல்லுநர்கள் தம் தகுதியை வெளிப்படுத்த வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லதே. ஆனால், பட்டத்தைப் பார்த்து மட்டும் நம்பிவிடலாமா? 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகழ்பெற்ற மருத்துவ இதழில், இதயநோய்க்குச் சர்க்கரையைவிடக் கொழுப்பே காரணம் என்ற தொனியில் எழுதினர். அதற்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறை அமைப்பு பணம் கொடுத்திருந்தது 2016-இல்தான் ஆவணங்களுடன் அம்பலமானது. அவர்களுக்குப் பட்டத்தில் குறைவில்லை.

மறுபுறம், 2023 ஏப்ரலில் மருத்துவர் அல்லாத ஓர் இளைஞர், போர்ன்விட்டாவில் சர்க்கரை மிகுதி என்று காணொலி வெளியிட்டார். நிறுவனம் வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பியது. அவர் காணொலியை நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஆனால், அவ்வாண்டு முடிவதற்குள் நிறுவனமே 100 கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த கூடுதல் சர்க்கரையை 32.2 கிராமாகக் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், அத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அந்தக் காணொலியில் நிறமி பற்றியும் அவர் எச்சரித்திருந்தார். அது சரியா என்று சோதிக்க நமக்கு வழியில்லை. சர்க்கரை பற்றிய செய்தியோ டப்பாவின் பின்புறமே அச்சாகியிருந்தது. அவரை நம்ப வேண்டிய தேவையே எழவில்லை; டப்பாவைத் திருப்பினால் போதும்.

ஆகவே, சொல்பவர் யார் என்பதைக் காட்டிலும், அவரை நம்பாமலேயே அவர் சொன்னதைச் சரிபார்க்க இயலுமா என்றே இப்போது பார்க்கிறேன். இயலாதெனில், குறிப்பாக மருந்தைக் குறைக்கச் சொன்னால், என் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் செய்வதில்லை. எதையேனும் விற்கும் இணைப்பு இருந்தால் அதை விளம்பரமாகவே கொள்கிறேன். விளம்பரமும் சில வேளை உண்மை பேசும், அது வேறு.

ஆனால், சரிபார்க்கும் சுமை முழுவதையும் நுகர்வோர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. பொட்டலத்தின் முன்புறத்திலேயே சத்து மதிப்பீட்டைக் காட்ட வேண்டும் என்னும் வரைவை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்டது. அந்த வரைவு இன்னும் விவாதத்திலேயே சுழல்கிறது. எங்கள் வீட்டு அடுக்களையில் உள்ள சத்துமாவுப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்க எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. அதுவும் ஆங்கிலத்தில்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.