தட்டு ஒடிந்த அலமாரி

2023-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம். மாலை ஆறு மணிக்கு 2668 அடி உயர மலைமேல் ஜோதி தெரிந்த பிறகுதான், கீழே ஊர்ப் பெண்கள் வாசலில் அகல் ஏற்றினார்கள். தீபம் தெரிந்தால் போதும். அது என்ன சொல்லுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அதே சமயம் அமெரிக்காவில் சிலர் வேறொரு தீபத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார்கள். 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலத்தின் ரேடியோ ஒலி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் பேச்சு வெறும் உளறலாகிவிட்டது! கலம் இருந்த தூரம் சுமார் 2400 கோடி கிலோமீட்டர். ஒளி போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். ரிப்பேர்க்காரரை அனுப்புகிற இடமா அது?

2024 மார்ச் 1-ந் தேதி, "வேறு வரிசையில் முயன்று பார்" என்கிற மாதிரி ஓர் உத்தரவு அனுப்பினார்கள். மார்ச் 3-ல் வந்த பதிலும் முதலில் புரியவில்லை. 10-ந் தேதிதான் குட்டு வெளிப்பட்டது. அந்தக் கம்ப்யூட்டரின் ஞாபகம் – மெமரி என்கிறார்களே, அது – முழுவதும் அப்படியே அதில் இருந்தது! உளறுகிறவரிடம், "உடம்புக்கு என்ன?" என்று கேட்டுப் பயனில்லை அல்லவா? அலமாரியையே திறந்து தட்டுத் தட்டாகப் பார்த்த மாதிரி ஆயிற்று. பழைய நகலோடு ஒப்பிட்டதில், ஒரு சில்லு கெட்டு, நூற்றுக்கு 3 பங்கு மெமரி போயிருந்தது தெரிந்தது.

சமையலறை அலமாரியில் ஒரு தட்டு ஒடிந்தால் நாம் என்ன செய்வோம்? டப்பாக்களை மற்றத் தட்டுகளின் இண்டு இடுக்குகளில் நுழைப்போம். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். மொத்தமாக வைக்க எங்கும் இடமில்லாததால், கட்டளைகளைத் துண்டு துண்டாக்கி அங்கங்கே வைத்தார்கள். ஆனால், கடுகு டப்பா இடம் மாறினால் நம் வீட்டு மாமியார் காலை முழுவதும் தேடுவாரே, அந்தக் கதை அங்கே நடக்கக்கூடாது. ஆகவே எது எங்கே போயிற்று என்பதை, அதைத் தேடி வரும் மற்ற இடங்களிலெல்லாம் திருத்தி எழுதினார்கள். பலித்ததா என்று தெரிய நாற்பத்தைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். அடுப்பில் வைத்த பாலையே பொறுமையாகப் பார்க்க முடியாத நமக்கு அது எப்படி இருக்கும்!

ஏப்ரல் 18-ல் அனுப்பினார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு, 20-ந் தேதி, கலம் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொல்லிற்று. ஜூன் மாதத்தில் நான்கு கருவிகளும் பழையபடி தகவல் அனுப்பத் தொடங்கின. ஒடிந்த தட்டு மட்டும் ஒடிந்தபடியேதான் இருக்கிறது.