கணிப்பொறிகளுக்கும் வருகைப் பதிவேடு வேண்டும்!

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. நெல்லுக்கும் காசுக்கும் சொன்ன இவ்வறிவுரை கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை எங்கள் வீட்டிலேயே நான் கண்டுகொண்டேன்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் இணையம் மிக மெதுவாக வந்தது. "இதில் எத்தனை பொருள்கள் இணைந்துள்ளன?" என்று அப்பா கேட்டார். "நான்கு கைப்பேசிகள்" என்றேன் நான். அண்ணன் ரௌட்டரின் பட்டியலைத் திறந்தபோது அதில் ஏழு இருந்தன! ஒன்று தொலைக்காட்சிப் பெட்டி. மற்றொன்று பாட்டி பாட்டுக் கேட்கும் பழைய கைப்பேசி. ஏழாவது யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. கடவுச்சொல்லை மாற்றியதும் அது மறைந்துவிட்டது.

ஒரு வீட்டிலேயே இப்படியென்றால், நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளும் பிரிண்டர்களும் காமிராக்களும் ஒன்றாக இணைந்துள்ள அலுவலகங்களின் நிலை என்ன?

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீய நிரல் புகுந்ததாக 2019 அக்டோபரில் செய்தி பரவியது. நிலையத்தார் முதலில் மறுத்தனர். மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் அது உண்மையே என ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்த கணிப்பொறி ஒன்றில்தான் அது இருந்தது. முக்கியமான உள் வலையமைப்பு தனியானது என்றும் விளக்கியது. எது எதனோடு இணைந்துள்ளது என்று அறிந்தவரே இவ்வாறு உறுதி கூற முடியும். கல்பாக்கத்துக்கு அருகே வாழும் கடப்பாக்கத்தார்க்கு இது வேற்றூர்க் கதையன்று.

இணைந்தவற்றைக் கண்டறியும் முறை எளியது. வலையமைப்பிலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. ஆசிரியை பெயர் அழைப்பது போல, ஒரு கணிப்பொறி அவ்வெண்களை வரிசையாக அழைத்து விடைக்குக் காத்திருக்கும். இவ்வாறு அழைத்துப் பார்க்க 1983-இல் அமெரிக்கரான மைக் மூஸ் 'பிங்' என்ற சிறு நிரலை எழுதினார். நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையே அப்பெயர். விசைப்படகுகளில் மீன் கூட்டத்தைத் தேடும் கருவியும் அவ்வாறே வேலை செய்கிறது.

ஆனால் அழைப்புக்கு வாய் திறவாத கணிப்பொறிகளும் உண்டு. அணைத்து வைத்தவையும் பேசமாட்டா. ஆகவே அறை அறையாகச் சென்று கண்ணால் பார்ப்பதும் வேண்டும்.

பள்ளிகளில் மேசை முதல் சோதனைக் குழாய் வரை இருப்புப் பதிவேட்டோடு சரிபார்க்கிறார்கள். அது வாங்கியவற்றின் கணக்கு. இணைந்தவற்றின் கணக்கு வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. பதிவேட்டில் இருந்து வலையமைப்பில் காணாதது பழுதானதாகவோ தொலைந்ததாகவோ இருக்கலாம். வலையமைப்பில் இருந்து பதிவேட்டில் இல்லாததோ அழையாத விருந்தாளி!

"வைரஸ் தடுப்பு நிரல் இருக்க, இந்த எழுத்து வேலை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இருப்பதே தெரியாத கணிப்பொறியில் அந்நிரலை யார் போடுவார்? 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்ட கணிப்பொறிகள் அகப்பட்டுக்கொண்டன. நோயாளிகள் துன்புற்றனர்.

அன்புத் தோழியரே! பிறருடைய வலையமைப்பில் அனுமதியின்றித் தேடுவது தவறு. ஆனால் நம் பள்ளிக் கணிப்பொறி அறையில், சிஸ்டரின் அனுமதியோடு, பருவத்துக்கு ஒருமுறை நாமே இப்பணியைச் செய்யலாம். கணிப்பொறியின் எண், இருக்கும் இடம், பயன், பொறுப்பாளர் என நான்கு கட்டங்கள் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெற்றோரும் இன்றிரவே தம் வீட்டு ரௌட்டரின் பட்டியலை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக!

- பத்தாம் வகுப்பு மாணவி